ஒரு புள்ளி பலகோணத்துக்குள் இருக்கிறதா என்று விரைவாக அறிவது எப்படி? (எட்டு லட்சம் பதிவுகள், 42 மண்டலங்கள்)

கேள்வி: கடலோரக் கணினி (பட்டர்வொர்த்)

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் பொருள் விநியோகம் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு நான் நிரல் எழுதிக் கொடுக்கிறேன். தீவையும் அதற்கு எதிரே பெருநிலத்தில் உள்ள செபராங் பிறையையும் சேர்த்து 42 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலமும் ஒரு பலகோணம். மோட்டார் சைக்கிள்களில் உள்ள ஜிபிஎஸ் கருவிகள் அனுப்பும் பதிவுகள் எந்தெந்த மண்டலத்தில் விழுகின்றன என்று கண்டறிந்து, அதன்படி ஓட்டுநர்களுக்கு மாதக் கடைசியில் மண்டலத்துக்கு உரிய படித்தொகையைக் கணக்கிட வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் பதிவுகள் சேர்கின்றன. 42 பலகோணங்களிலும் உள்ள முனைகளைக் கூட்டினால் 64,000 வருகிறது.

முதலில் பைத்தானில் கோணக் கூட்டல் முறையை எழுதினேன். புள்ளியிலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு பக்கமும் எத்தனை பாகை விரிகிறது என்று கூட்டிக்கொண்டே போய், மொத்தம் 360 வந்தால் உள்ளே, சுழி வந்தால் வெளியே என்று முடிவு செய்யும் முறை அது. விடைகள் பெரும்பாலும் சரியாகவே வந்தன, ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஓட விட்டால் காலை ஆறு மணிக்குத்தான் முடிகிறது.

வேகம் வேண்டும் என்று, கதிர் வீசி வெட்டுகளை எண்ணும் முறைக்கு மாறினேன். இரண்டு மணி நேரமாகக் குறைந்தது, ஆனால் புதிய தொல்லை ஒன்று முளைத்தது. தவறான விடை பெற்ற புள்ளிகளை வரைபடத்தில் இட்டுப் பார்த்தால், அவை கிழக்கு மேற்காக நேர்நேர் கோடுகளில், சீப்பால் வாரியது போல வரிசை வரிசையாக நிற்கின்றன. இவை தவிர, எந்த மண்டலத்திலும் சேராத புள்ளிகளும், இரண்டு மண்டலங்களில் ஒரே நேரத்தில் விழும் புள்ளிகளும் உள்ளன. ஜிபிஎஸ் பதிவுகளும் மண்டல முனைகளும் நான்கு தசம இடங்களுக்குச் சுருக்கப்பட்டவை; அது காரணமாக இருக்குமா என்று தெரியவில்லை. இதைவிட விரைவான, பிழையில்லாத முறை எது? படி குறைந்தால் ஓட்டுநர்கள் நேராக என்னிடம்தான் வருவார்கள் என்பதால் சற்று அவசரமாகக் கேட்கிறேன்.

மறுமொழி 1: ஒற்றைப்படை (ஆயர் ஈத்தாம்)

வணக்கம் நண்பரே. கோடுகளைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் விரைவாக வரும் தவறான விடையால் யாருக்கும் பயனில்லை.

கதிர் முறையின் அடிப்படை எளிது. புள்ளியிலிருந்து நேர் கிழக்கே ஒருவர் நடந்துகொண்டே போகிறார், பலகோணத்தின் பக்கங்கள்தாம் வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலியை ஒற்றைப்படை முறை தாண்டினால் தொடங்கிய இடம் உள்ளே, இரட்டைப்படை முறை தாண்டினால் வெளியே. சிக்கல் எங்கே வருகிறது என்றால், அவர் நடக்கும் கோடு வேலியின் ஒரு முனை வழியாகவே போகும்போது. அந்த முனையில் இரண்டு பக்கங்கள் சந்திக்கின்றன. அதை ஒரு தாண்டலாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா, எண்ணாமலே விடுவதா? தெற்கிலிருந்து வந்த வேலி அந்த முனையைக் கடந்து வடக்கே போனால் அது உண்மையான தாண்டல், ஆகவே ஒன்றாக எண்ண வேண்டும். தெற்கிலிருந்து வந்து, மலையுச்சி போல அந்த முனையைத் தொட்டுவிட்டுத் தெற்கேயே திரும்பினால் அது தாண்டலே அன்று, ஆகவே சுழியாகவோ இரண்டாகவோ எண்ணினால்தான் ஒற்றை இரட்டைக் கணக்கு கெடாது. உங்கள் நிரல் பக்கத்தின் இரு நுனிகளையும் சேர்த்துக்கொள்ளும் ஒப்பீட்டைச் செய்கிறது என்று ஊகிக்கிறேன். அப்படியானால் கடந்து போகும் முனையை அது இரண்டு முறை எண்ணும். அந்த முனைக்கு நேர் மேற்கே அதே அட்சரேகையில் இருக்கும் புள்ளிகள் அனைத்தும் தலைகீழான விடை பெறும். நீங்கள் பார்க்கும் சீப்புப் பற்கள் அவைதாம்.

இது அரிதாக நேர வேண்டிய தற்செயல்தானே என்று தோன்றலாம், ஆனால் உங்கள் தரவில் அது அரிதே அன்று. நான்கு தசம இடம் என்பது தரையில் ஏறத்தாழ 11 மீட்டர். பினாங்கு மாநிலம் வடக்கு தெற்காகச் சுமார் அரைப் பாகைதான் நீள்கிறது, ஆகவே உங்கள் தரவில் மொத்தமே ஏறத்தாழ 5,000 வெவ்வேறு அட்சரேகைகள்தாம் இருக்க முடியும். அந்த 5,000 படிகளில் 64,000 முனைகளை அடுக்கினால், ஏதோ ஒரு முனையோடு ஒரே மட்டத்தில் நிற்காத புள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தீர்வு பழையது. இந்த முறையை ஷிம்ரட் 1962 இல் ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் 112 ஆம் எண் கொண்ட படிமுறையாக (அல்காரிதமாக) வெளியிட்டார், அதே ஆண்டின் இறுதியிலேயே ஹேக்கர் என்பவர் அதில் திருத்தம் சொன்னார். ஆகவே இதில் தடுக்கி விழுந்த முதல் ஆள் நீங்கள் அல்லர். ராண்டால்ஃப் பிராங்க்ளின் 1970 இல் எழுதிய சில வரி நிரல் இன்றும் பலராலும் எடுத்தாளப்படுகிறது. அதன் சாரத்தைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்:

உள்ளே = இல்லை
ஒவ்வொரு பக்கத்துக்கும் (அதன் நுனிகள் அ, ஆ):
— அ, புள்ளியைவிட வடக்கே இருக்கிறதா? ஆ, புள்ளியைவிட வடக்கே இருக்கிறதா? இரண்டுக்கும் ஒரே விடை என்றால் இந்தப் பக்கத்தை விட்டுவிடுக.
— விடைகள் வேறுபட்டால், பக்கம் கதிரின் கோட்டை வெட்டும் இடத்தைக் காண்க. அது புள்ளிக்குக் கிழக்கே இருந்தால் ‘உள்ளே’ என்பதைத் தலைகீழாக மாற்றுக.

‘வடக்கே’ என்பது இங்கே கண்டிப்பான ஒப்பீடு. அதே மட்டத்தில் இருக்கும் முனை வடக்கே இல்லை, அதாவது தெற்கே இருப்பதாகவே கொள்ளப்படும். இந்த ஒரு விதி எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறது. கடந்து போகும் முனை ஒரு முறை எண்ணப்படும்; உச்சியும் பள்ளமும் சுழியாகவோ இரண்டாகவோ எண்ணப்படும்; கிடைமட்டப் பக்கத்தின் இரு நுனிகளும் எப்போதும் ஒரே விடை தருவதால் அது தானாகவே விலகிவிடும். ஒவ்வொரு புள்ளியையும் மயிரிழை அளவு வடகிழக்கே தள்ளி வைத்துவிட்டுக் கேள்வி கேட்பதற்கு இது சமம். எல்லைக் கோட்டின் மீதே விழும் புள்ளிகூட இரு பக்க மண்டலங்களில் ஒன்றில் மட்டுமே சேரும், அந்த இரு மண்டலங்களும் எல்லையில் ஒரே முனைகளைப் பகிர்ந்துகொண்டால்.

அடுத்து, வேகம். எட்டு லட்சம் புள்ளிகளை 64,000 பக்கங்களோடு ஒப்பிடுவது 5,120 கோடி ஒப்பீடுகள். கோணக் கூட்டல் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆர்க்டான்ஜென்ட் (கோணம் காணும் முக்கோணவியல் சார்பு) கணக்கிடுவதால் ஏழு மணி நேரம் இழுத்தது, அந்த முறையைப் பாடப் புத்தகத்தோடு விட்டுவிடலாம். ஆனால் ஒப்பீட்டை எவ்வளவு மலிவாக்கினாலும் 5,120 கோடி என்ற எண் அப்படியே நிற்கும் வரையில் பெரிய விடிவு இல்லை. எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

ஒவ்வொரு மண்டலத்தையும் அடக்கும் மிகச் சிறிய செவ்வகத்தை ஒரே ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள், நான்கு எண்கள்தாம். புள்ளி அந்தச் செவ்வகத்துக்குள் இல்லையென்றால் பலகோணத்தைத் தொடவே வேண்டாம். பாலிக் புலாவில் நிற்கும் வண்டி புக்கிட் மெர்தாஜாம் மண்டலத்தில் இல்லை என்று அறிய ஆயிரம் முனைகளைச் சுற்றி வருவது வீண். 42 மண்டலங்களில் இரண்டோ மூன்றோ மட்டுமே இந்தச் சல்லடையைத் தாண்டி வரும். மண்டலங்கள் பல்லாயிரமாக இருந்தால் செவ்வகங்களையே மர வடிவில் அடுக்க வேண்டும் (1984 இல் குட்மன் முன்வைத்த ஆர்-மரம் அதுதான்). 42 மண்டலங்களுக்கு அது தேவையில்லை, சும்மா வரிசையாகப் பார்த்தாலே போதும்.

இன்னொன்று, பதிவுகள் நான்கு தசமத்தில் இருப்பதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். உணவகத்தின் முன் நிற்கும் வண்டி பத்து நிமிடமும் ஒரே ஆயத்தொலையைத்தான் (அட்சரேகை, தீர்க்கரேகை இணையைத்தான்) அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு முறை விடை கண்ட ஆயத்தொலையை, அதன் விடையோடு, பைத்தானின் அகராதி (டிக்‌ஷனரி) ஒன்றில் போட்டு வையுங்கள். எட்டு லட்சத்தில் வெவ்வேறானவை எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

மறுமொழி 2: அளவுச்சங்கிலி (செந்தூல், கோலாலம்பூர்)

தம்பி, நான் நில அளவைத் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன், நிரல் எழுதுவது ஓய்வுக்குப் பின் பழகியது. மேலே நண்பர் படிமுறையை நன்றாக விளக்கிவிட்டார். நான் உங்கள் பலகோணங்களைப் பற்றிக் கேட்கிறேன்.

42 மண்டலங்களுக்கு 64,000 முனைகள் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. மனிதர் கையால் வரைந்த விநியோக மண்டலத்துக்கு நூறு முனை இருந்தாலே அதிகம். யாரோ ஒருவர் கடற்கரைக் கோட்டை நுணுக்கமான வரைபடம் ஒன்றிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியிருக்க வேண்டும். பாலிக் புலாவ் பக்கத்துச் சதுப்புக் காடுகளும், தெலுக் பஹாங்கின் பாறைகளும், பிறை ஆற்றின் வாயும் ஒவ்வொரு வளைவோடும் உள்ளே வந்திருக்கும். அதை நான்கு தசமத்துக்குச் சுருக்கியபோது அருகருகே இருந்த முனைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, நீளமே இல்லாத பக்கங்களாகவும் கிடக்கும். அவை விடையைக் கெடுக்கமாட்டா, ஆனால் ஒவ்வொன்றும் எட்டு லட்சம் முறை சோதிக்கப்படுகிறது.

இப்போது யோசியுங்கள்: உங்கள் நிறுவனம் கடலில் பொருள் விநியோகம் செய்கிறதா? கரை எங்கே முடிகிறது என்ற நுணுக்கம் உங்கள் கேள்விக்கு எள்ளளவும் தேவையில்லை. கரையோர மண்டலங்களின் கடற்பக்க எல்லையைத் தூக்கி, கடலுக்குள் ஓரிரு கிலோமீட்டர் தள்ளி நான்கைந்து முனைகளால் நேர்க்கோடாக இழுத்துவிடுங்கள். தீவுக்கும் செபராங் பிறைக்கும் இடையில் மட்டும், நீரிணையின் நடுவே இரு பக்க மண்டலங்களுக்கும் பொதுவாக ஒரே கோடு இருக்கட்டும்.

இதில் இரண்டாவது இலாபமும் உண்டு. எந்த மண்டலத்திலும் சேராத புள்ளிகள் என்று சொன்னீர்களே, அவற்றை வரைபடத்தில் இட்டுப் பாருங்கள். பெரும்பகுதி பினாங்குப் பாலத்தின் மேலும், 2014 இல் திறந்த இரண்டாவது பாலத்தின் மேலும், படகுத்துறை வழியிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். கடற்கரையே எல்லை என்றால் 1985 முதல் நின்றுகொண்டிருக்கும் பினாங்குப் பாலத்தின் மீது ஓடும் வண்டி கடலில்தான் ஓடுகிறது. உங்கள் நிரல் சொன்ன விடை வடிவியலின்படி முற்றிலும் சரி. தஞ்சோங் தோக்கோங்கிலும் கர்னி டிரைவ் ஓரத்திலும் கடலைத் தூர்த்து நிலமாக்கியிருக்கிறார்கள். உங்கள் கரைக் கோடு பழையது என்றால் அங்கே குடியிருப்பவர்களும் உங்கள் கணக்கில் நீரில்தான் வசிக்கிறார்கள்.

இரண்டு மண்டலங்களில் விழும் புள்ளிகளுக்குக் காரணம் வேறு. அடுத்தடுத்த மண்டலங்களைத் தனித்தனியாக வரைந்திருப்பார்கள். எல்லை ஒன்றுதான் என்றாலும் முனைகள் பொருந்தியிருக்கமாட்டா. இரு கோடுகளும் விலகினால் நடுவே இடைவெளி, ஒன்றையொன்று தாண்டினால் இரு மண்டலங்களும் மேற்படியும். ஒவ்வொரு பலகோணத்தையும் தனித்தனியாக எளிமையாக்கினாலும் இதே கதிதான். பகிரும் எல்லையை ஒரே கோடாக வைத்து எளிமையாக்கும் கருவிகள் உண்டு, மேப்ஷேப்பர் அவற்றில் ஒன்று. கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரையும்போதே பக்கத்து முனையோடு ஒட்டச் செய்யும் வசதியும் இருக்கிறது. நண்பர் சொன்ன ‘ஒரு புள்ளி ஒரே மண்டலத்தில்’ என்ற உறுதி இதைச் செய்த பிறகே கிடைக்கும்.

துளை உள்ள மண்டலம் இருந்தால் அதையும் கவனியுங்கள். நான் இருக்கும் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் 1974 முதல் கூட்டரசுப் பிரதேசம், புத்ராஜெயா 2001 முதல். இரண்டையும் நாற்புறமும் சிலாங்கூர் சூழ்ந்திருக்கிறது. ஆகவே சிலாங்கூரின் பலகோணம் என்பது வெளி எல்லை ஒன்றும், உள்ளே இரண்டு துளைகளும். வெளி எல்லையை மட்டும் சோதித்தால் செந்தூலில் உட்கார்ந்திருக்கும் நான் சிலாங்கூர்வாசி ஆகிவிடுவேன். ஒற்றை இரட்டை முறையில் இதற்குத் தனி வேலை எதுவும் வேண்டாம்: துளைகளின் பக்கங்களையும் அதே பட்டியலில் சேர்த்து எண்ணிவிட்டால், துளைக்குள் இருக்கும் புள்ளிக்கு இரட்டைப்படை தானாகவே வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. மண்டலம் வரையப் பயன்பட்ட அடிப்படை வரைபடம் எந்தத் தளத்தில் (ஆயத்தொலைகளை அளக்கும் அடிப்படை அமைப்பில்) இருந்தது என்று கேட்டு வையுங்கள். தீபகற்பத்தின் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் தளத்தில் இருந்தன, இன்றைய ஜிபிஎஸ் கருவி தருவது வேறு. இரண்டையும் மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஜார்ஜ்டவுனில் அந்தத் தூரத்துக்குள் இரண்டு தெரு வந்துவிடும். பாகையை அப்படியே தட்டையான தாளின் ஆயத்தொலையாகக் கொள்ளலாமா என்ற கவலை மட்டும் உங்களுக்கு வேண்டாம். பினாங்கில் ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், ஒரு பாகை தீர்க்கரேகை ஏறத்தாழ 110.8, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழ்வதால் கிடைக்கும் சலுகை இது.

மறுமொழி 3: சுற்றெண் (பாயான் லெப்பாஸ்)

முதல் மறுமொழியில் ஒரு குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கையால் வரையும் பலகோணம் சில வேளைகளில் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும். தொடங்கிய இடத்தைத் தாண்டிச் சென்று முடித்தால் அங்கே ஒரு சிறு பகுதி இரண்டு முறை சுற்றப்பட்டிருக்கும். ஒற்றை இரட்டை முறை அந்தப் பகுதியை வெளியே என்று சொல்லிவிடும், வரைந்தவரோ அதை உள்ளே என்றுதான் எண்ணியிருப்பார். புள்ளியைப் பலகோணம் எத்தனை முறை சுற்றுகிறது என்று கணக்கிடும் சுற்று எண் முறையே இதற்குப் பொருத்தமானது. கதிரை வடக்கு நோக்கி வெட்டும் பக்கத்துக்கு ஒன்று கூட்டுங்கள், தெற்கு நோக்கி வெட்டினால் ஒன்று கழியுங்கள், இறுதியில் சுழி வந்தால் மட்டுமே வெளியே. டான் சண்டே 2001 இல் விளக்கிய இந்த வடிவத்தில் கோணமும் இல்லை, வகுத்தலும் இல்லை. ஒற்றை இரட்டை முறை அளவுக்கே வேகமானது. துளைகள் இருந்தால் மட்டும் அவற்றை வெளி எல்லைக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். வரைபடத் தரவுக் கோப்புகளுக்கான, 2016 இல் வந்த ஜியோஜேசன் வரையறையும் அப்படித்தான் சொல்கிறது: வெளி எல்லை இடஞ்சுழி, துளை வலஞ்சுழி.

இன்னொரு எச்சரிக்கை. தரவை 32 பிட் தசம எண்ணாக எங்கும் சேமித்துவிடாதீர்கள். 100 என்ற அளவில் இருக்கும் நம் தீர்க்கரேகைக்கு அந்த வடிவத்தில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே தரையில் 85 சென்டிமீட்டர் இடைவெளி விழுகிறது. அட்சரேகை 5 என்பதால் அதற்கு 5 சென்டிமீட்டர்தான். கிழக்கு மேற்காக மட்டும் புள்ளிகள் தள்ளாடுவதைப் பார்த்துக் கருவியைக் குறை சொன்னவர்களை நான் அறிவேன்.

உங்கள் விஷயத்தில் தசம எண்ணே வேண்டாம் என்பேன். எல்லாமே நான்கு தசமம்தானே? 10,000 ஆல் பெருக்கி முழு எண்ணாக்கிவிடுங்கள். ‘வெட்டும் இடம் கிழக்கே இருக்கிறதா’ என்ற கேள்வியை வகுத்தல் இல்லாமல் இரண்டு பெருக்கல்களின் வேறுபாட்டின் குறியாக எழுதலாம். முழு எண்ணில் அது துல்லியமாக வரும். தசம எண்ணில் ஒரே எல்லையை இடமிருந்து வலமாகக் கணக்கிட்டால் ஒரு விடையும் வலமிருந்து இடமாகக் கணக்கிட்டால் மயிரிழை வேறான விடையும் வர வாய்ப்புண்டு. அந்த மயிரிழையில் ஒரு புள்ளி இரு மண்டலங்களுக்கும் போகலாம், இரண்டிலும் இல்லாமலும் போகலாம்.

வேகம் இன்னும் வேண்டுமென்றால் கட்ட முறை இருக்கிறது. மாநிலத்தை 100 மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்தால், 55 கிலோமீட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 2,47,500 கட்டங்கள். முழுவதும் ஒரே மண்டலத்துக்குள் அடங்கும் கட்டத்தில் அந்த மண்டலத்தின் எண்ணை எழுதி வையுங்கள், எல்லை ஓடும் கட்டத்தில் மட்டும் ஒரு தனிக்குறி. கட்டத்துக்கு இரண்டு பைட்டு என்றால் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பலகோணச் சோதனை எல்லைக் கட்டங்களில் விழும் புள்ளிகளுக்கு மட்டுமே நடக்கும்.

ஒற்றைப்படை:

சுற்று எண்ணைப் பற்றி நண்பர் சொன்னது சரிதான், ஆயினும் மருந்தை நிரலுக்குக் கொடுப்பதைவிடப் பலகோணத்துக்குக் கொடுப்பதையே நான் விரும்புவேன். தன்னைத் தானே வெட்டும் மண்டலம் வரைந்தவரின் பிழை. அதை அமைதியாக விழுங்கிவிடும் முறை அந்தப் பிழையை மறைத்துவிடும். மண்டலங்களை ஏற்றும்போதே சோதித்து, வெட்டிக்கொள்ளும் பலகோணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் இரு முறைகளும் ஒரே விடையைத்தான் தரும். முழு எண் யோசனையை மனமார ஏற்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை.

ஆயத்தமான நிரல் நூலகத்தைப் பயன்படுத்தலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பைத்தான் நூலகமான ஷேப்லியில் பலகோணத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் வசதி உள்ளது. உள்ளே அது பக்கங்களை அட்சரேகை வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு, புள்ளியின் மட்டத்தைத் தொடும் பக்கங்களை மட்டும் பார்க்கிறது. போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் பெரிய பலகோணத்தைச் சிறு துண்டுகளாக்கும் கட்டளை இருக்கிறது. இரண்டுமே நல்லவை. ஆனால் அங்கே ‘கன்டெயின்ஸ்’ (உள்ளடக்குகிறதா) என்று கேட்டால் எல்லையின் மீதுள்ள புள்ளி எந்த மண்டலத்திலும் சேராது, ‘கவர்ஸ்’ (எல்லையோடு சேர்த்து மூடுகிறதா) என்று கேட்டால் இரண்டிலும் சேரும். நான்கு தசமத் தரவில் எல்லையின் மீது புள்ளி விழுவது அன்றாட நிகழ்ச்சி என்பதால் இதை மறந்துவிடாதீர்கள்.

கடலோரக் கணினி:

ஐயா, நண்பர்களே, மூவருக்கும் நன்றி. வார இறுதியில் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

எட்டு லட்சம் பதிவுகளில் வெவ்வேறு ஆயத்தொலைகள் 61,000 மட்டுமே. ஒரு வண்டி இரவு முழுவதும் ஓட்டுநர் வீட்டு வாசலில் நின்றபடியே ஆயிரக்கணக்கான பதிவுகளை அனுப்பியிருக்கிறது. முனைகளைப் பொறுத்தவரை ஐயாவின் ஊகம் சரி: 64,000 இல் 57,000 கடற்கரையும் ஆற்று வாய்களும்தான், அவற்றில் பல ஒரே இடத்தில் அடுத்தடுத்து நின்றன. கடலுக்குள் கோடு இழுத்து, எல்லைகளை ஒட்ட வைத்து, எளிமையாக்கிய பிறகு மொத்தம் 5,000 முனைகளுக்குக் குறைவு. செவ்வகச் சல்லடையும் முழு எண் ஒப்பீடும் சேர்ந்து, மாதக் கணக்கு நான்கு வினாடிகளில் முடிகிறது. கட்ட முறையை எழுதத் தொடங்கி, இந்த எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். சீப்புக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. இரு மண்டலப் புள்ளிகளும் இல்லை. பாலத்துப் புள்ளிகள் நீரிணையின் நடுக்கோட்டில் தீவுக்கும் பெருநிலத்துக்கும் பிரிந்துவிட்டன.

இடையில் ஒரு முழு மாலை வீணானதையும் ஒப்புக்கொள்கிறேன். புதிய மண்டலக் கோப்பைச் சேர்த்ததும் எல்லாப் புள்ளிகளும் வெளியே என்று வந்தன. கோப்பில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை அடுத்தும் இருந்தன, என் பதிவுகளில் தலைகீழ். 100 பாகை அட்சரேகை என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை என்பதால், இப்போது முதல் வரியிலேயே அதைச் சோதித்து நிரலை நிறுத்திவிடுகிறேன்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. கிரீன் லேன் சாலையின் நடுக்கோடு இரண்டு மண்டலங்களுக்கு எல்லை. அந்தச் சாலையில் நேராகப் போகும் வண்டி ஒரு நிமிடத்துக்குள் ஏழெட்டு முறை மண்டலம் மாறுவதாகக் கணக்கு வருகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் விடை சரிதான், ஆனால் படிக் கணக்கு அபத்தமாக இருக்கிறது.

அளவுச்சங்கிலி:

தம்பி, கருவியின் பிழையும் நான்கு தசமச் சுருக்கமும் சேர்ந்தால் சாலையின் அகலத்தை விழுங்கிவிடும், ஆகவே அங்கே எந்தப் படிமுறையும் உதவாது. எல்லையைச் சாலையின் நடுவில் வைக்காமல், ஒரு பக்க வீடுகளுக்குப் பின்னால், சந்துக்கோ வாய்க்காலுக்கோ நகர்த்தி வையுங்கள். சாலை முழுவதும் ஒரே மண்டலத்துக்குப் போய்விடட்டும். எந்த மண்டலத்துக்கு என்பதை ஓட்டுநர்களிடமே கேட்டு முடிவு செய்வது உங்களுக்கு நல்லது. எல்லையை நகர்த்த நிறுவனம் சம்மதிக்காவிட்டால், அடுத்தடுத்து மூன்று பதிவுகள் புதிய மண்டலத்தில் விழுந்த பிறகே வண்டி மண்டலம் மாறியதாகக் கொள்ளுங்கள்.

கடலோரக் கணினி:

எல்லையை நகர்த்தச் சம்மதித்துவிட்டார்கள், ஐயா. மூன்று பதிவு விதியையும் சேர்த்திருக்கிறேன். நகர்த்த முடியாத சாலைகள் இன்னும் இரண்டு இருக்கின்றன.